ஜேம்ஸ் வில்சனின் காலக்கோடு: இதுவரை வரைந்தது

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைவர்களுக்குக் காலக்கோடு வரைவது என் பொழுதுபோக்கு. இம்முறை ஜேம்ஸ் வில்சன். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்டவர்கள் ஆறே பேர், அவர்களில் ஒருவர். இவ்வளவு பெரிய வக்கீலைப் பலருக்கும் தெரியாதது எனக்கு ஆற்றாமைதான்.

வழக்கமாக ஒரு கோடு போதும். இவருக்கு இரண்டு தேவைப்பட்டது. சார்ட் தாளின் மேல்பாதியில் நீலத்தில் பொதுவாழ்க்கை, கீழ்ப்பாதியில் சிவப்பில் நிலமும் கடனும்.

நீலம் மளமளவென்று வந்தது. 1742இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறப்பு, செயின்ட் ஆண்ட்ரூஸில் படிப்பு, பிலடெல்பியாவில் ஜான் டிக்கின்சனிடம் சட்டப் பயிற்சி, கார்லைலில் வக்கீல் தொழில். காலனிகள்மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடிய பிரசுரம் 1774இல்.

1787க்கு வந்ததும் நிதானித்தேன். அரசியல் சாசனத்தை உருவாக்கக் கூடிய மாநாட்டில், அதன் பிரதிநிதிகளில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் எடுத்த குறிப்புகளை எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. ஜூன் 1 அன்று, நிர்வாகத் தலைமை ஒரே நபரிடம் இருக்கட்டும் என்று வில்சன் முன்மொழிகிறார். அவையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மன்னராட்சியை உதறி வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்காதா! அந்த ஒருவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். அதே மனிதர் ஜூன் 11 அன்று, மாநிலங்களுக்கான பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகச் சேர்க்கும் விதியையும் முன்மொழிந்தார். அதைச் சின்ன எழுத்தில் ஒதுக்க மனம் வரவில்லை. நீலக் கோட்டின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

1789இல் வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1793இல் சிஷம் எதிர் ஜார்ஜியா வழக்கில், குடிமகன் ஒரு மாநிலத்தின்மீதே வழக்குத் தொடுக்கலாம் என்று எழுதினார். அரசியல் சாசனத்தின் பதினோராவது திருத்தம் வந்து அதை அடித்துப்போட்டது.

இந்த ஆண்டுகளில்தான் சிவப்புக் கோடு தடித்துக்கொண்டே போகிறது. கடன்மேல் கடன் வாங்கி மேற்கே நிலங்களில் முதலீடு. 1796-97 நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காக ஒருமுறை சிறை. அடுத்து வட கரோலினாவில் இன்னொரு முறை. இரண்டாவதற்குக் காரணம், அவருக்குக் கடன் கொடுத்திருந்த பியர்ஸ் பட்லர். 1787இல் அதே மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்!

இரு கோடுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சிவப்பு சிறைக்குள் நுழையும் இடத்திலும் நீலத்தை முறிக்க வழியில்லை. அப்போதும் அவர் பதவியிலிருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1798 ஆகஸ்ட் 21 அன்று வட கரோலினாவின் ஈடன்டனில் 55 வயதில் இறக்கும்வரை அப்படித்தான். உடனிருந்து பார்த்துக்கொண்டவர் இளம் மனைவி ஹன்னா. அவர் பெயரையும் சிவப்புக் கோட்டின் கடைசியில் எழுதிவிட்டேன். 1906இல்தான் உடல் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அடுத்து ராபர்ட் மாரிஸ். அவரும் பிரகடனம், சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்டவர், நிலத்தில் பணம் போட்டு 1798இல் கடனாளிச் சிறைக்குப் போனவர். அவருடைய கோடுகளை இதே தாளில், வில்சனுக்குக் கீழே வரையப் போகிறேன்.