கலர் கரெக்‌ஷனுக்கு ஏன் அவ்வளவு கேட்கிறார்கள்?

ஆறு வருடமாக வீட்டிலேயே கறுப்பு டை போட்டுவந்த தலை என்னுடையது. தங்கை கல்யாணத்துக்குப் பழுப்பு நிறம் வேண்டும் என்று ஒரு பார்லருக்குப் போனேன், அவர்களும் எதையும் விசாரிக்காமல் கறுப்பின் மேலேயே பூசி அனுப்பிவிட்டார்கள். வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை செம்பு நிறம், அதற்குக் கீழே பழைய கறுப்பு அப்படியே. ஒரு டை இன்னொரு டையை வெளுக்காது என்று எனக்குத் தெரியாது, பூசியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக் கெட்டுப்போன நிறத்தைச் சரிசெய்வதைத்தான் கலர் கரெக்‌ஷன் என்கிறார்கள். அதற்கு வேறு சலூனில் கேட்டது 14,000 ரூபாய். வெறும் கலர்தானே என்று வாய்வரை வந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் பெண் முதலில் மருதாணிப் பொடி போட்டதுண்டா என்று கேட்டார், ஏனென்றால் சில கடைப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும், அதன் மேல் ப்ளீச் பட்டால் முடி சூடேறிப் பொசுங்கிவிடுமாம். அப்புறம் பின்கழுத்தில் ஒரே ஒரு கற்றைக்கு மட்டும் ப்ளீச் வைத்துக் காட்டினார். கறுப்பு கலைந்து சிவப்பானது, பிறகு ஆரஞ்சு, அதற்கு மேல் நகரவில்லை. அந்த ஆரஞ்சை அடக்க நீலச் சாயை உள்ள டோனர், அதாவது ப்ளீச்சுக்குப் பின் நிறத்தைச் சீராக்கும் பூச்சு, வேருக்கு ஒரு கலவை, நடுவுக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. முதல் நாள் மட்டும் ஐந்தரை மணி நேரம் நின்றார், நடுவில் ஒரு டீ. அந்த நேரத்தில் நாலைந்து பேருக்கு ரூட் டச்-அப், அதாவது வேரில் மட்டும் டை பூசுவது, முடித்திருக்கலாம். நீளத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாத வேலை இது.

ஆனால் உட்காரும் முன் கேட்டுவிடுங்கள்: அதிகபட்சம் எவ்வளவு ஆகும், இரண்டாம் முறை வந்தால் தனிக் காசா, டோனர் சேர்ந்ததா, ஜிஎஸ்டி சேர்த்தா. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு 5 சதவீதம்தான், முன்பு 18. வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

டிப்ஸுக்கு நம் ஊரில் சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது. நான் நிறத்தைச் சரிசெய்தவருக்கு 500, நான்கு முறை தலை அலசிவிட்ட பெண்ணுக்கு 200 கொடுத்தேன். தண்ணீரிலேயே இருந்து அவள் விரல்நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. கல்லாவில் சேர்த்துக் கட்டாமல் கையில் கொடுத்தேன், கல்லாவில் போட்டது இவர்கள் கைக்கு வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கெடுத்த பார்லரே சரிசெய்து தருகிறேன் என்றால் கட்டணம் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். கெடுத்தவர் ஒருவர், உட்கார்ந்து திருத்துகிறவர் இன்னொருவர் என்றால் மட்டும் அந்த இரண்டாமவர் கையில் ஏதாவது கொடுங்கள்.