மே மாதத்தில் நின்ற பிடித்தம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்குச் சம்பள மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தத்துக்கு நான் எழுதிய யூசர் ஸ்டோரி, அதாவது பயன்படுத்துபவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு, மூன்றே வரி: சம்பளக் கணக்கு பார்ப்பவருக்கு, 21,000 ரூபாய் வரை வாங்கும் எல்லோருக்கும் இஎஸ்ஐ தானாகப் பிடிக்கப்பட வேண்டும், மாதக் கடைசியில் கையால் கணக்குப் போடும் வேலை மிச்சமாக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. இரண்டு நாளில் கோட் முடிந்தது. டெஸ்டரும் சரி என்றார்.

மே மாதம் சிலருக்குச் சம்பளம் கூடி 21,000-ஐத் தாண்டியது. மென்பொருள் அவர்களுக்குப் பிடித்தத்தை நிறுத்திவிட்டது. அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவருக்கு நடுவில் சம்பளம் கூடினாலும், அந்தக் காலம் முடியும்வரை, கூடிய முழுச் சம்பளத்துக்கும் பிடித்தாக வேண்டும்.

ஆகஸ்டில்தான் கவனித்தோம். கணக்கு பார்க்கும் அக்காவிடம் கேட்டதற்கு, "இது எங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதானே தம்பி, நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. நோய்க்கால உதவித்தொகைக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் மட்டும் பிடித்திருந்தால் அந்தக் கணக்கு எட்டாது. படுக்கையில் விழுந்த ஒரு தையல்காரர் என் மூன்று வரியால் பணம் இல்லாமல் நின்றிருப்பார். விடுபட்ட தொழிலாளி பங்கைப் பிந்தைய மாதச் சம்பளத்தில் பிடிக்கவும் சட்டம் இடம் தராது. இரண்டு பங்கையும் நிறுவனமே கட்டியது.

அப்புறம் அலுவலகத்தில், இனி எல்லாமே முழு ஸ்பெக்தான், எல்லாவற்றையும் முன்கூட்டியே விரிவாக எழுதிவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முந்தைய வேலையொன்றில் வருகைப் பதிவுக்குக் கனமான ஸ்பெக் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். ஆனால் சூப்பர்வைசர்கள் ஆள் ஆளாகப் பதிவதில்லை, லைன் லைனாகத்தான் பதிவார்கள். அரை நாள் உற்பத்திக் கூடத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். ஸ்பெக்கில் அது இல்லை.

மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரீஸ் 2001-இல் யூசர் ஸ்டோரிக்கு மூன்று பகுதிகள் சொன்னார்: ஸ்டோரியை எழுதும் அட்டை, அதைப் பற்றிய உரையாடல், உறுதிப்படுத்தல். நாங்கள் அட்டையை வைத்துக்கொண்டு உரையாடலை விட்டுவிட்டோம். ஆனால் சட்டம் சொல்லும் கணக்குக்கு உரையாடலும் போதாது என்றே நினைக்கிறேன். பேசும்போது நினைவுக்கு வந்ததுதான் வரும். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு வரிசை வைத்து, என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை போட்டால் காலிக் கட்டம் கண்ணில் படும், அதை நிரப்பியே ஆக வேண்டும்.

இப்போது திரைகளுக்கும் வேலை ஓட்டத்துக்கும் ஸ்டோரி, பிஎஃப், இஎஸ்ஐ போன்றவற்றுக்கு அட்டவணை. முதல் அட்டவணையை அந்த அக்காவோடு உட்கார்ந்தே போட்டேன். 'ஓவர்டைம் சேர்த்தால் மட்டும் 21,000-ஐத் தாண்டுபவர்' என்ற வரிசை காலியாக இருந்தது. அதில் விரலை வைத்துச் சொன்னார்: "வரம்பு பாக்கும்போது ஓவர்டைமைச் சேக்கக் கூடாது தம்பி. பிடிக்கும்போது சேக்கணும்."

எங்கள் கோட் இரண்டுக்கும் சேர்த்துக்கொண்டிருந்தது.