அடுத்தவர் வள்ளத்தில் என் பை

வருஷத்தில் பத்து மாதம் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் எனக்கு வேலை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மொத்தம் 61 நாள், மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவோம். ஊர் நீரோடிக்குப் பக்கம், தாண்டினால் பொழியூர், கேரளா. இரண்டு மாதம் சும்மா இருந்தால் வீடு நடக்காது, அதனால் கடல் இடம் கொடுக்கிற நாள்களில் யாராவது ஒருவருடைய வள்ளத்தில், அதாவது சிறு படகில், தூண்டிலுக்குப் போவேன்.

முதல் வருஷம் போனபோது விசைப்படகுக்குக் கட்டுகிற அதே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மாதத்துக்கும் மேல் கரையைப் பார்க்க மாட்டோம், ஒரு தூண்டில் முள் குறைந்தால்கூட வாங்க வழியில்லை, ஆகவே எதையும் இரண்டு மூன்றாக எடுத்துப் பழக்கம். தங்கூஸ் என்கிற தூண்டில் நரம்பு நாலு சுருள், முள் கட்டு கட்டாக, ஈயக்குண்டு மட்டுமே நாலு கிலோ இருக்கும். வள்ளக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் எதுக்கு மக்கா, ராத்திரி போயிட்டு காலையில வரப்போறோம்" என்றார். வேலைக்கு முழுசாகத் தயாராக வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள ஆசை எனக்கு, அதனால் கேட்டும் இறக்கி வைக்கவில்லை.

28 அடி வள்ளத்தில் நாலு பேர், எஞ்சின், மண்ணெண்ணெய் கேன், ஐஸ் பெட்டி, இரை, நங்கூரக் கயிறு எல்லாம் போக மிஞ்சுவது கால் வைக்கிற இடம்தான், அந்த இடத்தில் என் பை இருந்தது. கரையை விட்டு இறங்கும்போதே அலை அடித்துப் பை கவிழ்ந்து, முள் கட்டு பிரிந்து பலகைக்கு அடியில் சிதறியது எனக்குத் தெரியாது. பாரில், அதாவது மீன் கூடுகிற கடலடிப் பாறையில், கலவாய் மீன் கடிக்கத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற அண்ணன் காலை மாற்றி வைத்தார், முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. முனையில் பின்பக்கம் பார்த்த எதிர்முள் இருப்பதால் பின்னால் இழுத்தால் சதையைக் கிழிக்கும், முன்னால் தள்ளி வெளியே எடுத்து, முனையை வெட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க மாமாதான் அதைச் செய்தார். பாதி ராத்திரியில் கரை திரும்பினோம். மண்ணெண்ணெய்க் காசை நான் கொடுத்தேன், மாமா வாங்கவில்லை. சரி, அந்த அண்ணன் ஐந்து நாள் கடலுக்குப் போகவில்லையே, அந்தப் பங்குக்கு யார் பொறுப்பு? அது என் மனதை விட்டு இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் முந்தின நாள் சாயங்காலமே கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். எந்தப் பார், எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம், என்ன மீன், வேறு யார் யார் வருகிறார்கள். இது தெரிந்தால் பை பாதியாகிவிடும். கலவாய் என்றால் தடித்த தங்கூஸ் ஒன்று, பாரில் மாட்டி அறுந்தால் மாற்ற இன்னொன்று, போதும். பொழியூர், விழிஞ்சம் பக்கத்து வள்ளம் என்றால் மீனின் பெயரையும் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், நாம் ஊசிக்கணவாய் என்பதை அங்கே கூந்தல் என்பார்கள், கணவாய் என்று பொதுவாக நினைத்து வேறு எதையாவது கட்டிக்கொண்டு போய் நிற்கக் கூடாது. முள் பத்துப் பன்னிரண்டு எடுப்பேன், பழைய ரப்பர் செருப்பை வெட்டி அதில் குத்தி வைத்தால் எந்த அலைக்கும் சிதறாது. எல்லாம் ஒரு மூடி போட்ட பெயிண்ட் வாளிக்குள் அடங்கும், அதற்கு மேல் உட்காரவும் செய்யலாம்.

சிலர் வெறுங்கையோடு வந்து வள்ளக்காரருடைய தூண்டிலைக் கேட்பார்கள். எனக்கு அதுவும் சம்மதமில்லை. அவருடைய முள்ளும் ஈயமும் பாரில் போனால் அவர் கணக்கில்தான் போகும், அவர் நம்மிடம் முகம் சுளிக்காமல் இருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். குடிதண்ணீரும் அப்படியே, இரண்டு லிட்டர் என் கையில் இருக்கும். கத்தி மட்டும் வள்ளத்தில் ஒன்று இருந்தால் போதும், ஆளுக்கு ஒன்று ஆபத்து.

எவ்வளவு குறைத்தாலும் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நான் குறைக்க மாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கடலில் இருந்த எங்கள் கரைக்காரர் பலர் திரும்பவில்லை. அதற்கு முன் நானும் அதை வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தவன்தான். இப்போது கரை அலையைத் தாண்டும்வரை போட்டிருப்பேன், பிறகு கை எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்வேன். அது இடத்தை அடைக்கும், இரண்டு மீன் பெட்டி வைக்கிற இடம் போகும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். ஈயத்தையும் உபரிச் சுருளையும் வீட்டில் விட்டுவிட்டேன், அந்த இடத்தை இதற்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் போனபோது வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் வெகுநாளாகக் கிடந்த பழைய வலையைத் தூக்கிக் கரையில் போட்டிருந்தார். அந்த இடத்தில் நாலு ஜாக்கெட் இருந்தது.