நாற்காலிக்கு மதம் இல்லை

மதத்தையும் அரசையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சொன்னவர் நாத்திகராகத்தான் இருப்பார் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு சிறு கூட்டம், நம்பிக்கையுள்ள பெருங்கூட்டத்தின் கைகளைக் கட்டிப்போடக் கண்டுபிடித்த ஏற்பாடு இது என்ற பேச்சை நன்கு படித்தவர்களிடமும் கேட்கிறேன். ஆனால் இந்தக் கோரிக்கைக்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களையும் மனு எழுதிக் குவித்தவர்களையும் தேடிப் போனால், அவர்களில் பலர் தங்கள் மதத்தின் மீது மற்றவர்களைவிடப் பிடிவாதமான பற்றுக் கொண்டிருந்தது தெரியவரும்.

ரோஜர் வில்லியம்ஸ் அப்படிப்பட்டவர். கிறிஸ்தவப் போதகரான அவர், மனிதர்களின் சமய நம்பிக்கையைக் கண்காணித்துத் தண்டிக்க அரசு நடுவர்களுக்கு அதிகாரம் கிடையாது என்று வாதிட்டது உள்ளிட்ட காரணங்களுக்காக, 1635-இல் அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து நாடுகடத்தும் தீர்ப்புக்கு ஆளானார். அடுத்த ஆண்டு அவர் அமைத்த பிராவிடன்ஸ் குடியிருப்பே பின்னாளில் ரோட் ஐலண்ட் மாநிலமாக வளர்ந்தது. 1644-இல் அவர் எழுதியபோது திருச்சபையைத் தோட்டம் என்றும் உலகத்தைக் காடு என்றும் உருவகித்து, இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும் என்றார். இன்று அந்தச் சுவரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். 1802-இல் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி ஊரின் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அதே உருவகம் வருகிறது. அரசின் ஆதரவு பெற்ற வேறொரு திருச்சபை கோலோச்சிய மாநிலத்தில், தங்கள் வழிபாட்டு உரிமை அரசு போடும் பிச்சையாக ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட பக்தர்களுக்குத்தான் அந்தக் கடிதம் போனது. வில்லியம்ஸின் உருவகத்தில் சுவர் காப்பது தோட்டத்தை என்பதை, மதத்தையும் அரசையும் பிரிக்கும் இந்தப் பிரிவினையை எதிர்ப்பவர்களும் சரி, ஆதரிப்பவர்களில் சிலரும் சரி, எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கிடைக்கிறது. 1784-இல் அங்கே அரசியல் தலைவர் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்னெடுத்தார். கிறிஸ்தவப் போதகர்களுக்கு ஊதியம் தருவதற்காக மக்களிடம் வரி வசூலிப்பது அதன் நோக்கம். வரி செலுத்துபவர், தன் பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று தானே குறிப்பிடலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் என்ன தவறு என்றுதான் தோன்றும். யாரையும் யாருடைய கோயிலுக்கும் இழுத்துக்கொண்டு போகவில்லையே. ஆனால் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசன் 1785-இல் எழுதிய எதிர்ப்பு மனுவில், மூன்று பென்ஸ் சில்லறை மட்டுமே கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடிந்த அரசு, நாளை எந்த மத ஏற்பாட்டுக்கும் நம்மைக் கட்டாயப்படுத்தும் என்று எச்சரித்தார். கிறிஸ்தவத்தைப் பிற மதங்களுக்கு மேலே வைக்கும் அதிகாரம், பிறகு கிறிஸ்தவத்துக்குள் ஒரு பிரிவை மற்றப் பிரிவுகளுக்கு மேலே வைக்கத் தயங்காது என்பதும் அவருடைய வாதம். அவரோடு தோள் சேர்ந்து நின்று மனுக்களை அனுப்பியவர்களில் பாப்டிஸ்டுகள் முக்கியமானவர்கள். தங்கள் போதகர்களுக்கு அரசு பணம் தரும் என்ற திட்டத்தை அவர்களே வேண்டாம் என்றார்கள். மசோதா கைவிடப்பட்டது. 1786-இல் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் அங்கே நிறைவேறியது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்திய அரசமைப்பின் 27-ஆம் பிரிவு சொல்வதிலும் இந்த மூன்று பென்ஸ் கவலையைத்தான் நான் காண்கிறேன்.

இந்த விவாதத்தில் எனக்குத் தெளிவு தந்தது ஒரு எளிய வேறுபாடு. அரசுப் பதவியின் நாற்காலி வேறு, அதில் உட்கார்ந்திருப்பவர் வேறு. உட்கார்ந்திருப்பவருக்கு மதம் இருக்கலாம். காலையில் தொழுதுவிட்டோ, திருநீறு பூசிக்கொண்டோ, ஜெபித்துவிட்டோ அவர் வேலைக்கு வரலாம். நாற்காலிக்கு மதம் இருக்கக் கூடாது. ஏனென்றால், சான்றிதழுக்கோ உரிமத்துக்கோ நீதிக்கோ வந்து நிற்பவருக்கு வேறு போக்கிடம் இல்லை. பிடிக்காத கடையைத் தவிர்த்துவிட்டு வேறொரு கடைக்குப் போவது போல, ஒருவர் ஓர் அரசைத் தவிர்த்துவிட்டு இன்னொரு அரசிடம் போக முடியாது. பிரிவினை எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை, எதிரே நிற்பவரின் இந்தப் போக்கற்ற நிலையை வைத்தே நான் அளக்கிறேன்.

நாற்காலிக்கு மதம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சார்லஸ் பிராட்லாவின் கதையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. அவர் வெளிப்படையான நாத்திகர். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்கும்போது கடவுளின் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக, மனமார உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். அந்த உரிமை உங்களுக்கு இல்லை என்றார்கள். அப்படியானால் சத்தியமே செய்கிறேன் என்று முன்வந்தார். கடவுளை நம்பாதவர் செய்யும் சத்தியத்துக்குப் பொருளில்லை என்று அதையும் மறுத்தார்கள். அவையைவிட்டு வெளியேற மறுத்ததற்காக, நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அவரைக் காவலில் வைத்தார்கள். இருக்கை காலியானபோதெல்லாம் இடைத்தேர்தல் வந்தது. 1881, 1882, 1884 என்று ஒவ்வொரு முறையும் அதே தொகுதி அவரையே திருப்பி அனுப்பியது. 1885 பொதுத்தேர்தலிலும் வென்ற பிறகு, 1886 ஜனவரியில் புதிய அவைத்தலைவர் எந்தத் தடையையும் அனுமதிக்காததால் அவர் சத்தியம் செய்து அமர்ந்தார். எந்த மதத்தவரும் மதமற்றவரும் உறுதிமொழி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம், அவருடைய முயற்சியால் 1888-இல் வந்தது.

அவருக்கு முன்பே அதே வாசலில் காத்திருந்தவர்கள் கடவுள் நம்பிக்கை மிக்கவர்கள். சத்தியத்தின் வாசகங்கள் தங்கள் நம்பிக்கைக்கு முரணாக இருந்ததால் கத்தோலிக்கர்கள் 1829 வரை உள்ளே வர முடியவில்லை. யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847-இல் தேர்ந்தெடுக்கப்பட்டும் 1858-இல்தான் இருக்கையில் அமர்ந்தார். பதவியேற்பு வாசகங்களைத் தரும் இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் ‘கடவுளின் பெயரால்’ என்றும் ‘உளமார’ என்றும் இரண்டு வழிகள் அருகருகே இருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சில எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் கிடக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

மதத்தையும் அரசையும் பிரித்த பிரான்சின் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையின் இலக்கணமாகப் பலர் காட்டுவார்கள். குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிப்பதில்லை, எந்த மதத்துக்கும் ஊதியமோ மானியமோ தருவதில்லை என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதே பிரிவின் அடுத்த பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், மனநலக் காப்பகங்கள், சிறைகள் போன்ற இடங்களில் மதகுருமாரின் சேவைக்கான செலவை அரசு ஏற்கலாம் என்று அது விதிவிலக்குத் தருகிறது. சிறையில் இருப்பவர் தேவாலயத்துக்கு நடந்து போக முடியாது. அரசே அவரை அடைத்து வைத்திருப்பதால், அவர் வழிபடுவதற்கான வழியை அரசே திறந்துவிட வேண்டியிருக்கிறது. போக்கிடம் இல்லாதவரைக் காப்பது என்ற அதே அளவுகோல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. (ஆல்சேஸ், மோசெல் பகுதிகளில் இன்றும் அரசு மதகுருமாருக்கு ஊதியம் தருகிறது என்பது தனி வேடிக்கை. 1905-இல் அவை ஜெர்மனியின் பிடியில் இருந்ததால் சட்டம் அங்கே போகவே இல்லை.)

ஆனால் அதே நாடு 2004-இல் கொண்டுவந்த சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவர்கள் கண்ணில் படும்படியான மத அடையாளங்களை அணியக் கூடாது என்கிறது அது. ஆசிரியருக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தும் என்று வாதிட இடம் உண்டு. அவர் அரசின் சார்பில் வகுப்பில் நிற்கிறார். மாணவியோ அரசின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். நாற்காலிக்குப் போட வேண்டிய கட்டுப்பாட்டை அதன் எதிரே இருக்கும் சிறுமியின் தலைமீது ஏற்றுவது, பிரிவினையைத் தலைகீழாக்குவதாகும்.

துருக்கியில் வேறு விதமான கோணல். 1924-இல் முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கலீபா பதவியை ஒழித்தார்கள். 1928-இல் இஸ்லாம் அரச மதம் என்ற வாசகத்தை அரசமைப்பிலிருந்து நீக்கினார்கள். 1937-இல் மதச்சார்பின்மையை அதில் எழுதிவைத்தார்கள். ஆனால் கலீபா பதவி போன அதே நாளில் மத விவகாரங்களுக்கென ஓர் அரசு அமைப்பும் பிறந்தது. பள்ளிவாசல்களை நிர்வகிப்பதும் இமாம்களை அரசு ஊழியர்களாக நியமிப்பதும் வெள்ளிக்கிழமை உரைகளை வகுப்பதும் அதன் கைக்கு வந்தன. இதைப் பிரிவினை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அரசு மதத்தை வேலைக்கு அமர்த்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆட்சி மாறினால் எஜமானரும் மாறுவார். ஊழியர் அவர் சொன்னபடி ஓதுவார்.

‘இது எங்கள் பண்பாடு, இதில் மதம் எங்கே வந்தது’ என்ற வாதத்துக்கு வருகிறேன். பெரும்பான்மையினரின் அடையாளங்கள் அரசுச் சுவர்களில் ஏறும்போதெல்லாம் எல்லா நாடுகளிலும் இந்த வாதம் கூடவே வருகிறது. அமெரிக்காவில், அதிலும் ரோஜர் வில்லியம்ஸ் நிறுவிய அதே ரோட் ஐலண்டில், பாடக்கெட் நகராட்சி கிறிஸ்துமஸ் காலத்தில் இயேசு பிறப்புக் குடிலை வைத்துவந்தது. 1973-இல் 1,365 டாலருக்கு நகராட்சியே வாங்கிய குடில் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நகராட்சி வென்றது. குடிலைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடும், மான்களும், கோமாளி, யானை, கரடி பொம்மை உருவங்களும் இருந்தன. மொத்தமாகப் பார்த்தால் அது ஒரு விடுமுறைக்காலக் கொண்டாட்டம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை தொங்குவது பற்றிய வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இல் சிலுவைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2011-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 15-க்கு 2 என்று அதை மாற்றியது. சுவரில் இருக்கும் சிலுவை செயலற்ற ஒரு சின்னம், அது யாருக்கும் போதிப்பதில்லை என்பது அந்த அமர்வின் பார்வை.

இந்த வெற்றிகளின் விலையைப் பக்தர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். தேவகுமாரனின் பிறப்பு கோமாளிக்கும் யானைக்கும் நடுவே நின்றதால் பிழைத்தது. சிலுவை, தான் எதுவும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டதால் சுவரில் தங்கியது. அரசுச் சுவரில் இடம்பிடிக்க ஒரு மதம் தன் பொருளையே அடகு வைக்க வேண்டியிருந்தது என்றால், அதில் மகிழ என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கம், அடையாளம் வெறும் அலங்காரமாக நிற்பதும் இல்லை. இலங்கையின் 1978 அரசமைப்பின் 9-ஆம் பிரிவு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்துவிட்டு, மற்ற மதத்தவரின் உரிமைகளும் காக்கப்படும் என்கிறது. உரிமைகள் எழுத்தில் அப்படியே இருந்தாலும், நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே ஒன்றுக்கு முதலிடம் என்று எழுதிய பிறகு, மற்றவர்களுக்கு மிஞ்சுவது எந்த இடம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதேசமயம், அரச மதம் இருக்கும் நாடெல்லாம் கொடுங்கோன்மை என்று சொல்வதும் நேர்மையாகாது. இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்கள் இன்றும் பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். அங்கே நாத்திகர் நிம்மதியாக வாழ்கிறார். ஆனால் அந்த நிம்மதி ஆயர்கள் பெருந்தன்மையாகக் கொடுத்தது அன்று, பிராட்லா போன்றவர்கள் வாதாடிப் பெற்றது.

பொது வாழ்க்கை என்பது அரசைவிடப் பெரியது. தெருவில், மேடையில், பத்திரிகையில் மதம் பேசக் கூடாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவருடைய பேச்சிலிருந்து வேதத்தை உருவிவிட்டால் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் அவர் கேட்டது எல்லாருக்கும் சமமான சட்டத்தை. 1964-இல் நிறைவேறிய குடிமை உரிமைச் சட்டத்தின் நியாயத்தைப் புரிந்துகொள்ள ஒருவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம்பிக்கையிலிருந்து புறப்பட்டு வரலாம், வந்து சேரும் இடத்தில் மாற்று மதத்தவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணங்களைத் தர வேண்டும். மதத்தைக் காட்டி வாக்குக் கேட்பதை இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு முறைகேடான செயல் என்கிறது. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைத் தூண்டுவதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. மூன்று பேர் மாறுபட்டதில் எனக்கு வியப்பில்லை. ஒரு சமூகம் தன் மதத்தின் காரணமாகப் பட்ட அநீதியைத் தேர்தல் மேடையில் பேசுவதற்கும், மதவெறியைக் கிளறுவதற்கும் இடையே கோடு கிழிப்பது கடினமான வேலை.

எனக்குச் சற்றும் தயக்கமில்லாத இடம் பள்ளிக்கூடம். நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, ஆங்கிலத்தில் 22 சொற்களே கொண்ட ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தார்கள். விருப்பமில்லாத பிள்ளைகள் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது; பிரார்த்தனை எழுதுவது அரசின் வேலை அன்று என்றது. இந்திய அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனையைத் தடுக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையங்களில், சம்மதமில்லாமல் யாரையும் அதில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது. சிறார் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது பள்ளியின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்காமலே எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு, வேண்டாம் என்பவர் எழுந்து போகலாம் என்று அறிவித்தால், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து போக வேண்டியவர் பத்து வயதுப் பிள்ளை.