பணிய லயனுக்கு ஒரு இழை

தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் நிற்காது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் பணிய (கீழ்) லயனில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020இல் பாடசாலைகளை மூடி, வகுப்புகள் போனுக்குள் வந்தபோது, தம்பி கொப்பியையும் போனையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கோயில் பாறைக்கு ஏறுவான். மழை இறங்கினால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் பெரிய டேட்டா பெக்கேஜாகப் பார்த்துப் பார்த்து மாற்றினோம். அத்தனையும் வீண் காசு. தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தை எதிர்மலை மறைத்துவிடும். பிறகு ஹட்டனில் ஒரு வெளி அன்டெனா வாங்கி, மூங்கில் கழியில் கட்டிக் கூரைக்கு மேலே உயர்த்தினோம். நான் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க, தம்பி கழியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினான். டவர் தெரியும் மலை இடுக்குக்கு நேராக வந்ததும் ஒற்றைக் கோடு மூன்றானது. அன்றிரவு அவன் அடுப்படியில் உட்கார்ந்தே படித்தான்.

ஃபைபர், அதாவது இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழை, வராத இடத்தில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். வயர் நீண்டால் சிக்னல் தேயும். ரவுட்டரைக் கழிக்கு நேர் கீழேயே வையுங்கள். 2025இல் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்கும் இலங்கைக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் டிஷ் விலை நாட்சம்பளக் குடும்பத்துக்கு எட்டாது.

அன்டெனா வைத்தாலும் இரவு ஏழு மணிக்கு வேகம் விழுந்துவிடுகிறது. ஒரே டவரை ஊரே பங்கு போடுகிறது. ஃபைபரோ இரண்டு கிலோமீட்டர் கீழே, பஸ் வீதியோடு நின்றுவிட்டது. கம்பனியில் கேட்கப் போனபோது, தோட்டத்துக்குள் இழுத்தால் கட்டுப்படியாகாது என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. செலவில் பெரும்பங்கு குழி தோண்டுவதற்கும் கம்பம் நடுவதற்கும்தான் போகிறது. எங்களுக்கோ லயன் வாசல் வரை மின்கம்பம் இருக்கிறது. அனுமதி வாங்கி அதிலேயே கட்டலாம். ஒரு இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. ஐந்து லயன்களில் 60 குடும்பங்கள். இரண்டு இழைகள் போதும். ஒரு இழையைப் பல வீடுகள் பகிரும் ஜிபொன் (GPON) முறையில் ஒரு இழையில் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் வருகிறது. 32 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு 70 மெகாபிட்டுக்குக் குறையாது. பன்னிரண்டு காம்பிராக்கள் (குடும்பத்துக்கு ஒன்றான சிறு வீடுகள்) சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் லயனில், வீட்டுக்கு வீடு இழுக்கும் வயரும் சொற்பம். இப்படி நெருக்கிக் கட்டியது எங்கள் வசதிக்காக அல்ல. இதற்காவது அது உதவட்டும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதுவரை 43 குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மேல் லயனுக்குப் போகிறேன்.