நடுவில் இரண்டடி

ஐந்து வாரமாகக் குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் குழுவுக்குப் பின்னால் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகலாம். பயம்தான், வேறென்ன? நாற்பத்தாறு வயதில் விழுந்தால் காறை எலும்பு உடையும். அதைவிட, "அப்பவே சொன்னேன்ல" என்பதை இரண்டு மாதம் கேட்க வேண்டும்.

நவம்பரில் அரிசோனாவில் நடக்கும் எல் டூர் டி டூசான் என்ற சைக்கிள் ஓட்டத்தில் 62 மைல் பிரிவுக்குப் பணம் கட்டியாயிற்று. 102 மைல் பிரிவும் உண்டு, அந்த ஆசை இப்போதைக்கு இல்லை. அந்த 62 மைலுக்கான ஆறாவது வாரப் பயிற்சிதான் இந்தச் சனிக்கிழமை. இடம் ஹீல்ட்ஸ்பர்க்; சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 70 மைல், சோனோமாவின் திராட்சை நாடு. ஃப்ரீமான்ட்டிலிருந்து இருட்டில் கிளம்பினேன். நாங்கள் பதினோரு பேர். கோச் அறுபதைத் தாண்டிய பெண்மணி. மேட்டில் எங்கள் எல்லோரையும் பேசிக்கொண்டே தாண்டிப் போவார். நமக்குத்தான் பதில் சொல்ல மூச்சு இருக்காது.

ஏழரை மணிக்கு 8 டிகிரி. அக்டோபர் காலையில் ரஷ்யன் ஆற்றை ஒட்டி மூடுபனி அப்படியே படுத்திருக்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். ஊரைவிட்டுத் தெற்கே இறங்கி, சாக் ஹில் சாலையில் திரும்பினோம். பெயர்தான் சுண்ணாம்பு மலை. அங்கே இருப்பது சுண்ணாம்பு இல்லை, எரிமலைச் சாம்பல் கலந்த வெளுத்த மண். ஏற்ற இறக்கமான சாலை. ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டும் வரிசை இங்கே கலைந்துவிடும் என்பதால் எனக்கு நிம்மதி. ஓக் மரங்கள் சிலவற்றின் அடி இன்னும் கறுத்திருந்தது. 2019 அக்டோபர் 23 இரவு பிடித்த கின்கேட் தீ 77,000 ஏக்கருக்கு மேல் தின்றது. ஹீல்ட்ஸ்பர்க், வின்ட்சர் இரண்டு ஊரையும் மொத்தமாகக் காலி செய்யச் சொன்னார்கள். கோச் அப்போது வின்ட்சரில் இருந்தாராம். காரில் முதலில் ஏற்றியது சைக்கிளை, பிறகுதான் ஆல்பங்களை என்று சொல்லிச் சிரித்தார்.

128ஆம் நெடுஞ்சாலைக்கு வந்ததும் தரை சமமானது, பனியும் விலகியது. அலெக்சாண்டர் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் காபர்நே சாவின்யோன் திராட்சை, கம்பியில் கட்டி வரிசை பிடித்து. அந்தத் தீயில் எரிந்த சோடா ராக் ஒயினரியைக் கடந்தோம். அன்று கல் முகப்பும் வாசலில் இருந்த பிரம்மாண்டமான இரும்புக் காட்டுப்பன்றியும் மட்டும் தப்பின. பன்றியை நின்று பார்க்க ஆசைப்பட்டேன், விடவில்லை. பாடம் இங்கேதான் தொடங்கியது.

கோச் என் பக்கத்தில் வந்து ஓட்டினார். சொன்னது இவ்வளவுதான். முன்னால் இருப்பவரின் சக்கரத்தைப் பார்க்காதே, பார்த்தால் அதிலேயே போய் இடிப்பாய். அவர் இடுப்பைப் பார், இடுப்புக்கு மேலே சாலையைப் பார். நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடாதே. மிதிப்பதை லேசாக்கு, நிமிர்ந்து உட்கார், காற்றே உன்னைப் பிடித்து நிறுத்தும். எக்காரணம் கொண்டும் உன் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகக் கூடாது. அவர் ஒரு சாண் விலகி உரசினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீதான்.

ஆறடி. பிறகு நான்கு. மூன்றடிக்கு வந்தபோது ஏதோ ஒன்று மாறியது. காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது, வெளியே மழை பெய்யும்போது ஜன்னலைச் சாத்தினால் அடங்குமே, அப்படி. மணிக்கு 18 மைல் வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. கைக்கடிகாரத்தில் 152 காட்டிய இதயத்துடிப்பு, அதே வேகத்தில் 138க்கு இறங்கியதைப் பார்த்தபோதுதான் ஐந்து வாரமாக எவ்வளவு பலத்தை வீணாக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

சந்தோஷம் மூன்று மைல்கூட நீடிக்கவில்லை. அறுவடைக் காலம். திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வளைவில் கொட்டி நசுங்கிய பழம், சாலை பிசுபிசுவென்று கறுப்பாய். அதன்மேல் மஞ்சள் குளவிக் கூட்டம். ஒன்று என் ஜெர்சியின் கழுத்துக்குள் புகுந்து கொட்டியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஸ்லோயிங்" என்று கத்தி, கையைக் காட்டி, நேர்கோட்டிலேயே வேகம் குறைத்து ஓரம் போயிருக்க வேண்டும். செய்தது: ஐயோ அம்மா என்று அலறி, ஒரு கையை விட்டு, சாலையின் பாதி அகலத்துக்கு ஆடினேன். பின்னால் வந்தவர் புல்லில் இறங்கித் தப்பினார். அவர் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"குளவி கொட்டியது உன் ஒருவனை. நீ ஆடினால் விழுவது ஐந்து பேர்" என்றார் கோச். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொட்டிய இடத்தைவிட அதுதான் எரிந்தது.

கெய்சர்வில், கேன்யன் ரோடு மேடு, இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. டிரை க்ரீக் ஜெனரல் ஸ்டோரில் நின்றோம், 1881ல் தொடங்கிய கடை. மற்றவர்கள் ஜெல் பாக்கெட்டைக் கிழித்து உறிஞ்ச, நான் ஜெர்சியின் முதுகுப் பையிலிருந்து பொடி தடவிய இட்லியை எடுத்தேன். ஃபாயிலைத் தாண்டி எண்ணெய் துணியில் இறங்கியிருந்தது. உப்பு, மாவு, லேசான காரம்: சைக்கிளுக்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது. எண்ணெயை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

திரும்பி ஏறப்போனால் முன்டயர் தட்டை. தடவிப் பார்த்தேன், முள். எடுத்துக் கையில் வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நெருஞ்சி! செருப்பில்லாமல் ஓடிய வயதில் என் பாதத்தில் ஏறிய அதே நெருஞ்சி. இங்கே அதற்கு ஆட்டுத்தலை என்று பொருள்படும் பெயர், கோட்ஹெட். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து கலிபோர்னியாவில் களையாகிவிட்டது. இந்தியாவிலும் இத்தாலி, பிரான்சிலும் காணப்படும் இரண்டு வகை வண்டுகளை 1961ல் இதற்கென்றே கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று விதையைத் துளைக்கும், மற்றது தண்டை. என் டயரைப் பார்த்தால் அவை அன்று விடுமுறையில் இருந்திருக்கும். டியூப் மாற்றப் பன்னிரண்டு நிமிடம். போன மாதம் இருபத்தைந்து. குறித்துக்கொள்கிறேன்.

ஒற்றை வண்டி மட்டும் போகும் லாம்பர்ட் பாலத்தைக் கடந்து வெஸ்ட் டிரை க்ரீக் சாலை. குறுகலானது, ஒட்டுப்போட்டது, வாகனம் குறைவு, அழகென்றால் இதுதான் அழகு. இங்கே பழைய ஜின்ஃபாண்டல் திராட்சைக் கொடிகள் கம்பியோ பந்தலோ இல்லாமல், குட்டையாய்த் தனித்தனி மரம்போல நிற்கின்றன. காற்றில் புளித்த பழவாசனை. ஒரு தோட்டம் முழுக்க மஞ்சள், நடுநடுவே ரத்தச் சிவப்பு. ஆஹா என்றேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் குழுவில் உண்டு. நல்ல கொடி பெரும்பாலும் மஞ்சளாகத்தான் பழுக்கும், சிவப்பு பல சமயம் வைரஸ் நோய் என்றார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, பழைய தோட்டங்களில் கலந்து நடும் அலிகாண்டே பூஷே ரகம் இயல்பாகவே சிவக்கும், இது அதுவாகவும் இருக்கலாம் என்றார். ஓடும் சைக்கிளிலிருந்து சொல்ல முடியாதாம்.

கடைசி ஆறு மைல் மறுபடி வரிசை. காலையில் புல்லில் இறங்கியவர் தானாகவே எனக்கு முன்னால் வந்து ஓட்டினார். அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு போனேன். பள்ளம் என்று அவர் கைகாட்டினால் நானும் காட்டினேன். இடைவெளி இரண்டடி இருக்கும் என்று பின்னால் வந்த கோச் சொன்னார்.

மொத்தம் 44 மைல், ஓட்டிய நேரம் 3 மணி 10 நிமிடம். அடுத்த சனிக்கிழமை முதல் இரண்டு மைல் வரிசைக்கு முன்னால் நான் போக வேண்டுமாம். இரண்டு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். ஜெர்சியை மூன்று முறை துவைத்தும் பொடிக்கறை போகவில்லை.