தண்ணீர் வரும் மாதம்

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

அடுத்த ஜூலையில் அப்பாவுக்கு 72 முடிகிறது. வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவர். வேலைக்காலத்தின் பெரும்பகுதி டாப்ஸ்லிப் பக்கம்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது கோழிகமுத்தி யானை முகாமில் நின்றுகொண்டு சொன்னார்: "ஆப்பிரிக்காவுல பொட்டை யானைக்கும் கொம்பு இருக்குமாம் கண்ணு." நம் காட்டில் பெண் யானைக்குக் கொம்பு வெளியே தெரியாது. ஆண் யானையிலேயே கொம்பில்லாத மக்னா உண்டு. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வியப்பை நான் மறக்கவில்லை.

அவரை ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கூட்டிப் போவதற்கென்று தம்பியும் நானும் ஐந்து ஆண்டுகளாகத் தனியாகப் பணம் சேர்த்து வருகிறோம். இன்று பேசி முடித்துவிட்டோம். அப்பா, தம்பி, நான் மூவரும் போகிறோம். அம்மா வரவில்லை. இருபது வருடம் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலுக்கு வெளியே யானையைப் பார்த்தாயிற்று, போதும் என்று சொல்லிவிட்டார்.

2024 செப்டம்பர் 21, சனி

ஊரிலுள்ள ஒரு பயண முகவரிடம் போனோம். பேச்சை எடுத்ததுமே மசாய் மாரா, ஆகஸ்ட், ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் கூட்டம் என்று ஆரம்பித்தார். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடவுத்துறையில் எத்தனை வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அப்பா அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம்கூட உட்கார மாட்டார்.

நான் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள போட்ஸ்வானா என்றேன், அங்குள்ள ஒகவாங்கோ ஆற்று டெல்டா. அங்கே 1990 முதலே அரசின் சுற்றுலாக் கொள்கை குறைந்த ஆள், கூடிய விலை என்பதுதான். குத்தகைக்கு விட்ட பெரிய காட்டுப் பகுதிக்குள் சில முகாம்கள், ஒரு முகாமுக்குப் பத்துப் பன்னிரண்டு கூடாரத்துக்குள்தான். சாலையே போகாத இடம் பல. சிறு விமானத்தில் மண் ஓடுதளத்தில் இறங்க வேண்டும். காய்கறியிலிருந்து படுக்கை விரிப்பு வரை எல்லாம் எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். விலை அதனால்தான் ஏறுகிறது. ஜூலையில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்குக் கீழே நான் பார்த்த முகாம் ஒன்றும் இல்லை. பெயர்பெற்றவை இரண்டாயிரத்தைத் தாண்டுகின்றன. பெரிய பணம். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு மனிதரே இல்லாத ஒரு காலைப்பொழுதுக்கு என்றால், எனக்கு அது சரியான செலவாகவே படுகிறது.

2024 செப்டம்பர் 28, சனி

எந்த மாதம் போவது என்பதிலேயே இந்த வாரம் போயிற்று. இது எனக்கு மிகவும் பிடித்துப்போன கணக்கு, கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

ஒகவாங்கோ கடலுக்குப் போகாத ஆறு. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறந்து, நமீபியாவின் ஒரு ஓரத்தைத் தொட்டு, போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து கலஹாரி மணலில் விசிறி போல விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரும்பகுதி நீர் ஆவியாகவும் செடிகள் வழியாகவும் வானத்துக்குத்தான் போகிறது. அங்கோலாவில் மழை பெய்வது தோராயமாக நவம்பரிலிருந்து மார்ச் வரை. தரைச்சரிவு மிகக் குறைவு என்பதால் அந்த நீர் நாணலுக்கும் பாப்பிரஸ் கோரைக்கும் நடுவே நடந்து வருகிற வேகத்தைவிட மெதுவாக வருகிறது. டெல்டாவின் கீழ்க்கோடியில் உள்ள மவூன் ஊரை எட்டுவதற்கு ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் மழையே கிடையாது, குளிர்கால வறட்சி. சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் வெள்ளம் ஏறுகிறது. யானைகள் அதைத் தேடி வருகின்றன, தீவுக்குத் தீவு நீந்திப் போகின்றன.

அந்தத் தீவுகளில் பல கறையான் புற்றிலிருந்து தொடங்கியவையாம். வெள்ளத்துக்கு மேலே நிற்கும் புற்றில் பறவை விதை போடுகிறது, மரம் வளர்கிறது, மண் சேர்கிறது. மரங்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு தீவின் நடுவில் தேங்கி, நாளடைவில் நடுப்பகுதி வெள்ளையாக வெறுமையாகிவிடுகிறது. விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை விளிம்புக்குள் ஒரு வெள்ளைத் தழும்பு. அப்பாவிடம் ஒரு படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகே வைத்து நீண்ட நேரம் பார்த்தார். "புத்துல இருந்து தீவா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை என்று முடிவாயிற்று.

2024 அக்டோபர் 12, விஜயதசமி

மவூனில் இருந்தபடி பயணம் அமைத்துத் தரும் ஒரு பெண்மணியுடன் இப்போது நேரடியாகப் பேசுகிறோம். ஊர் முகவர் அனுப்பிய திட்டத்தில் எட்டு இரவுக்கு நான்கு முகாம். இரண்டு நாளுக்கொரு முறை பெட்டி கட்டி விமானம் ஏற வேண்டும். அப்பா அதைப் பார்த்ததும், ஒரு தண்ணிக்குட்டையோட பழக்கம் தெரியவே நாலு நாள் ஆகும் என்றார். ஆகவே இரண்டே முகாம், நான்கு நான்கு இரவு.

முதலாவது மொரேமி பக்கம், ஆண்டு முழுக்க நீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக. மொரேமி 1963-இல் பட்டவானா மக்கள் தங்கள் சொந்த வேட்டை நிலத்திலிருந்து ஒதுக்கிக் கொடுத்த காடு. இந்த முகாமை வற்புறுத்தியது அந்தப் பெண்மணிதான். காரணம் இந்த ஆண்டின் வறட்சி. ஏப்ரலில் மவூன் வழியே போகும் தமலகானே ஆறு வறண்டு நீர்யானைகள் சேற்றில் சிக்கிக் கிடந்ததைச் செய்தியில் நானும் பார்த்தேன். வெள்ளம் பொய்த்தாலும் ஒரு முகாமிலாவது படகு ஓட வேண்டும் என்றார். விற்பவரே இப்படி மோசமான ஆண்டை முன்னே வைத்துப் பேசியது எனக்கு நம்பிக்கை தந்தது.

இரண்டாவது காய்ந்த நிலம் கூடுதலாக உள்ள தனிக் குத்தகைப் பகுதி. மொரேமிக்குள் தடம் விட்டு வண்டி இறங்கக் கூடாது, இரவு ஓட்டமும் இல்லை. குத்தகைப் பகுதியில் இரண்டும் உண்டு, நடந்தும் போகலாம். ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் குட்டி போட்டுக் குழியருகே தங்கும் காலமும் ஜூன், ஜூலைதான். அப்பாவுக்குச் செந்நாய் என்றால் உயிர். ஆப்பிரிக்கக் காட்டுநாய் வேறு இனம், அதற்கு முன்காலில் நாலே விரல் என்று சொன்னதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை வங்கி திறந்ததும் முன்பணம்.

2024 நவம்பர் 23, சனி

இந்த வாரம் மனது சரியில்லை. விமானச் சீட்டை மட்டும் ஊர் முகவரிடம் விட்டிருந்தோம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் இடம் காலி. நம் ஊரில் இன்ஷியலோடு வாழ்கிறவர்கள் பலருக்கும் இதே நிலைதான். முகவர் யாரையும் கேட்காமல் அப்பாவின் பெயரையே இரண்டு முறை போட்டுவிட்டார். வழியோ அடிஸ் அபாபா வழி. ரத்து செய்ததில் ஒரு தொகை போயிற்று. பணத்தைவிட, விசாரிக்காமல் செய்தார் என்பதுதான் வலிக்கிறது.

அடிஸ் அபாபா ஏன் வேண்டாம் என்பதை எழுதி வைக்கிறேன், வயதானவர்களைக் கூட்டிப் போகும் யாருக்காவது உதவும். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் உள்ள நாடு, கென்யாவும் அப்படியே. விமான நிலையத்துக்குள்ளேயே 12 மணி நேரத்துக்குள் மாறிவிட்டால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்று கேட்பதில்லை. ஆனால் விமானம் தாமதமாகி அந்த எல்லை தாண்டிவிட்டால்? ஊசி போட்டுக்கொள்ளலாமே என்றால், அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். எங்கள் டாக்டர் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார். போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கொச்சி, துபாய், ஜோகன்னஸ்பர்க், அங்கே ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் மவூன். அந்த ஓர் இரவுக்காகத் தென்னாப்பிரிக்க விசாவும் எடுக்க வேண்டும். பரவாயில்லை, எடுத்துவிடலாம்.

தாத்தா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து அப்பாவுக்குப் புது பாஸ்போர்ட் விண்ணப்பித்தாயிற்று.

2025 பிப்ரவரி 1, சனி

பட்ஜெட் நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவளுக்கு இது வேலை நாள்தான். ஆனால் ஒரு வரி எனக்காகவே வாசித்தது போல இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அனுப்பும் பணத்தில் ஒரு நிதியாண்டில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வரி முன்பிடித்தம் இருந்தது. ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 10 லட்சம் ஆகிறது. கணக்குத் தாக்கலின்போது திரும்ப நேர் செய்துகொள்ளலாம் என்றாலும், பயணத்துக்கு முன் கையில் இருக்கும் காசு முக்கியம். மீதித் தொகைக்கு ஏப்ரல் பாதி வரை அவகாசம் இருக்கிறது. தம்பியும் நானும் ஆளுக்குப் பாதியாக ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பினால் இருவருமே வரம்புக்குள் வந்துவிடுவோம்.

2025 மார்ச் 22, சனி

மவூனில் உள்ள ஒகவாங்கோ ஆய்வு நிறுவனம் மொஹெம்போ என்ற இடத்தில் ஆற்று மட்டத்தை அளந்து இணையத்தில் போடுகிறது. ஆறு போட்ஸ்வானாவுக்குள் நுழையும் வாசல் அது. காலையில் காபியோடு அதைப் பார்ப்பது எனக்கும் அப்பாவுக்கும் பழக்கமாகிவிட்டது. கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. நாங்கள் போய்ப் படகில் உட்காரப்போகும் தண்ணீர் இந்த வாரம் அந்த வாசலைத் தாண்டுகிறது என்று சொன்னேன். ஆழியாறு அணையில் மட்டம் பார்க்கிற மாதிரி என்றார்.

2025 ஏப்ரல் 4, வெள்ளி

பணம் போயிற்று. முகாம்களிலிருந்து படிவம் வந்தது. உடல் எடை எவ்வளவு என்று ஒரு கேள்வி. சிறு விமானத்துக்கு அது தேவை. சாப்பாடு: அப்பா சைவம், காரம் பிடிக்கும், அரிசி தினமும் வேண்டும் என்று எழுதினேன். சரக்கு முன்கூட்டியே ஏற்றியாக வேண்டும் என்பதால் இதையெல்லாம் கடைசி நிமிடத்தில் சொல்லக் கூடாது.

காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் உண்டா என்று இரண்டு முறை கேட்டு எழுத்தில் வாங்கினேன். முகாமில் ஏதாவது ஆனால் மவூன், அங்கும் முடியாவிட்டால் ஜோகன்னஸ்பர்க். 70 தாண்டியவருக்குப் பிரீமியம் அதிகம்தான். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மொகோரோ என்ற ஒற்றைமர ஓடம் பற்றியும் கேட்டார்கள். இப்போது மரத்தை வெட்டாமல் ஃபைபரில் செய்கிறார்கள். கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும், முதியவரால் முடியுமா? அப்பா இன்றும் தரையில் சம்மணமிட்டுத்தான் சாப்பிடுகிறார், கை ஊன்றாமல் எழுகிறார். முடியும் என்று எழுதிவிட்டேன்.

2025 ஜூன் 7, சனி

பை வாங்கியாயிற்று. ஆளுக்கு 20 கிலோதான், கேமராவும் கைப்பையும் அதற்குள் அடக்கம். சக்கரமோ சட்டமோ இல்லாத மெத்தென்ற பை. 62 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம். விமானத்தின் வயிற்றில் உள்ள சிறு அறைக்குள் அழுத்தித் திணிக்க வேண்டுமாம். தம்பி தன் பெட்டியையே கொண்டுவருவேன் என்றான். ஓடுதளத்திலேயே விட்டுவிட்டுப் போக நேரும் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஜூலையில் விடிகாலை ஐந்து டிகிரிக்கும் இறங்கும். அந்தக் குளிரில் திறந்த வண்டி. அப்பாவின் பழைய கம்பளி ஸ்வெட்டர் போதும் என்கிறார், மேலே காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றும் சேர்த்து வைத்தேன். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், ஸெட்ஸி என்ற கடிக்கும் ஈயை இழுக்கும். அவருடைய காக்கியே போதுமானது.

2025 ஜூலை 6, ஞாயிறு

புதன் இரவு கிளம்புகிறோம். மலேரியா மாத்திரை போகும் முன்தினம் தொடங்கி, வந்து ஏழு நாள் வரை. பெட்டியில் தேதி எழுதி ஒட்டிவிட்டேன்.

அங்கே பெரியவரை வணங்கும்போது ஆண் என்றால் 'துமேலா ர்ரா', பெண் என்றால் 'துமேலா ம்மா' என்று சொல்ல வேண்டும். 'ம்மா' என்றால் அம்மாதான் என்றதும் அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

மாலையில் அவர் அறைக்குப் போனால் மேஜையில் ஒரு புது நோட்டு. வேலையில் இருந்தபோது பீட், அதாவது தன் காவல் பகுதி, சுற்றி வந்து எழுதிய டைரி போலவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார்: நாள், நேரம், இடம், தண்ணீர், காற்று, விலங்கு, ஆண், பெண், குட்டி. ஆண், பெண் கட்டத்தருகே பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார்.

"ரெண்டுக்கும் கொம்பு இருந்தா தூரத்துல எப்படிக் கண்ணு பிரிக்கிறது?"

நெற்றியைப் பார்க்க வேண்டும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. ஆணுக்கு நெற்றி உருண்டு சரியும், பெண்ணுக்கு ஒரு முனை தெரியும். போனில் இரண்டு படம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நோட்டின் முதல் பக்க ஓரத்தில் ஒரு வளைவும், அதன் பக்கத்தில் ஒரு முனையுமாக இரண்டு நெற்றி வரைந்தார். அழித்து மறுபடியும் வரைந்தார்.